குழந்தையின் வீட்டையும் மனசையும் கேட்க பிஜிக்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வார்டு_அசிஸ்டென்ட்

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தை நலத் துறையில் அசிஸ்டென்ட் ப்ரொஃபசராக இருக்கிறேன். நோயோடு சேர்ந்தே வருகிற குடும்பச் சூழல், மனசு, பள்ளிக்கூடம், காசுக் கஷ்டம் இதையெல்லாம் எம்.டி. படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களான பிஜிக்களுக்கும், பயிற்சி டாக்டர்களான ஹவுஸ் சர்ஜன்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எங்கள் சீஃப் என்னிடம் விட்டிருக்கிறார். வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை எப்படி உருப்படியாகச் செய்வது என்று அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கத்தான் இந்தப் பதிவு.

பாடத்திட்டத்தில் இது இல்லாமல் இல்லை. 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று மனப்பான்மை, அறம், பேச்சுமுறை ஆகியவற்றுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். குழந்தை நலப் பாடத்தில் நடத்தைப் பிரச்சினைகளுக்கு ஒரு தலைப்பு உண்டு, வளரிளம் பருவத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. ஆனால் முதல் தலைப்பைத் திறந்தால் விரல் சூப்புவது, நகம் கடிப்பது, மண் தின்பது, படுக்கையை நனைப்பது, அழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது என்று பட்டியல் போகிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பித்துவிடுகிறார்கள். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதில் எதுவும் அவர்களுக்குக் கை கொடுப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆறு வயசுப் பையன், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்குகிற சிறுநீரக நோய்), மறுபடியும் முகம், கால் எல்லாம் வீங்கி வந்திருந்தான். பிஜி நன்றாகவே ப்ரெசென்ட் செய்தார். எடை, பிபி, வயிற்றில் நீர், தொடர்ந்து மூன்று நாளாக யூரின் ஆல்புமின் 3+, எதுவும் விடுபடவில்லை. ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பி, ஏன் வந்தது என்று கேட்டேன். "பூர் கம்ப்ளையன்ஸ், மேடம். அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க." ஏன் நிறுத்தினார்களாம்? "கேக்கல, மேடம். படிக்காதவங்க." அந்த அம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவரிடமே கேட்டோம். ஸ்டீராய்டில் முகம் உப்பிப்போனதால் வகுப்பில் பையனைப் "பன்னு மூஞ்சி" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தினமும் அழுகை. இந்த மாத்திரை எலும்பை உருக்கிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமியார் வீட்டில் சண்டை போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போனவர், மாதம் ஒருமுறைதான் வருவார். இதற்கு நடுவில் ஆறு வாரம் தினமும் கொடுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நாங்கள் மாற்றிக்கொடுக்க, எது மாத்திரை நாள், எது இல்லாத நாள் என்று அவருக்குக் குழம்பிவிட்டது. கேட்டால் திட்டுவார்களோ என்று கேட்கவில்லை. இத்தனையும் தெரிந்துகொள்ள எங்களுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அதன் பிறகுதான் காலண்டரில் மாத்திரை நாளுக்கெல்லாம் வட்டம் போட்டுக்கொடுத்தோம், தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம், மாமியாரை வரவழைத்துப் பேசினோம்.

என் கேள்வி இதுதான். இப்படிக் கேட்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? லெக்சரா, ரோல் ப்ளேயா, மார்க் வைத்தால் நடக்குமா? நேரமில்லை என்றும், பரீட்சையில் இதை யாரும் கேட்பதில்லை என்றும் பிஜிக்கள் நேராகவே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, முதலில் அந்த வியாழக்கிழமை மதியத்தை வகுப்பறையில் வைக்காதீர்கள். ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க டாக்டர் 1977-இல் சொன்ன உடல், மனம், சமூகம் என்ற மூன்று வட்டத்தையும் ஸ்லைடில் போட்டுக் காட்டுவதால் எந்த பிஜியும் அடுத்த நாள் வார்டில் வேறு மாதிரிக் கேள்வி கேட்டதை நான் பார்த்ததில்லை. இது கட்டில் பக்கத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். கல்லீரலைத் தொட்டுப் பார்க்க எங்கே சொல்லிக்கொடுத்தோமோ அங்கேயேதான் இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்குப் புதிதாக எதுவும் தேடவேண்டாம், கேஸ் ஷீட்டிலேயே இடம் இருக்கிறது. சோஷியோ எகனாமிக் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி வருகிறதே, அங்கே எல்லாப் பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள்? "மாடிஃபைட் குப்புசாமி ஸ்கேல் படி அப்பர் லோயர், சார்." அவ்வளவுதான், அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, குடும்ப வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற அளவுகோல் அது, அதுவும் நகரத்துக் குடும்பங்களுக்காகச் செய்தது. அந்த வீட்டில் இந்தக் குழந்தைக்கு மாத்திரை கொடுப்பது யார் என்பதை அது சொல்லவே சொல்லாது. நான் பணியில் இருந்தபோது ஒரு விதி வைத்திருந்தேன். குப்புசாமி வகுப்பைச் சொன்னால் அதோடு அந்த வீட்டைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லியாக வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் குழந்தையோடு இருப்பது யார், செலவு பற்றி முடிவெடுப்பது யார். இதைச் சொல்லாமல் யாரும் ஃபிசிக்கல் எக்ஸாமினேஷனுக்குப் போக முடியாது.

அப்புறம் வம்ச வரைபடம். உறவுக்குள் கல்யாணமா என்று பார்க்க மூன்று தலைமுறைக்கு வட்டமும் சதுரமும் எப்படியும் போடுகிறோம். அதே படத்தில் ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இறந்துபோனவர்கள் எப்போது, எப்படி இறந்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். முந்தைய குழந்தையை இழந்த வீட்டில், இரண்டாவது குழந்தைக்குச் சாதாரண சளி என்றாலும் அந்த அம்மா நடுராத்திரியில் ஓடிவருவதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. "சொந்தத்துல கல்யாணமா?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டால் மாமன் மகனைக் கட்டிக்கொண்ட அந்தப் பெண் பிள்ளையின் நோய்க்குத் தானே காரணம் என்று எடுத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனாலும் அவளைத்தான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பதும், கேட்டபின் "இது உங்க தப்பு இல்லம்மா" என்று சொல்வதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன்: "நேத்து காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா." நோய் வருவதற்கு முந்தைய ஒரு சாதாரண நாள் என்றால் இன்னும் நல்லது. சாப்பாடு, பள்ளி, டிவி, செல்போன், தூக்கம், அப்பா எப்போது வருகிறார், வரும்போது எந்த நிலையில் வருகிறார், அடி விழுகிறதா, எல்லாம் தானாகவே வரும். "உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்று நேராகக் கேட்டால் "இல்லைங்க" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பிஜி ஓர் அம்மாவிடம் பேசுவதைப் பத்து நிமிஷம் குறுக்கே பேசாமல் பாருங்கள், வெளியே வந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். ஒரு பிஜி நெஞ்சில் ஸ்டெத் வைப்பதை நூறு தடவை பார்த்துத் திருத்துகிறோம். பேசுவதை ஒருதடவைகூட யாரும் பார்ப்பதில்லை. பரீட்சை விஷயத்தில் உங்கள் பிஜிக்கள் சொல்வது சரிதான், எக்ஸாமினராகப் போகிறவர்கள் செய்முறைத் தேர்வின் லாங் கேஸில் "இந்தக் குழந்தையை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினால் என்ன தடங்கல் வரும்?" என்று ஒரு கேள்வி கேட்டால்போதும், அடுத்த வருஷப் பிள்ளைகள் தயாராகி வருவார்கள்.

இரண்டாமாண்டு_பிஜி

சார் சொன்ன அந்த ஒருநாள் கேள்வியை நாளைக்கே கேட்டுப் பார்க்கப்போகிறேன். ஆனால் மார்க், எக்ஸாமினர் விஷயத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு மார்க் வைத்தாலும் நாங்கள் அதை ஒரு டிக் போடுகிற கட்டமாக மாற்றிவிடுவோம், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். "சைக்கோசோஷியல் இஷ்யூஸ்: அட்ரெஸ்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். விஷம் குடித்து வந்த பிள்ளையின் கேஸ் ஷீட்டில் "சைக்கியாட்ரி ஒப்பீனியன் ஆப்டெயின்ட்" என்று எழுதுவதுபோல. அந்தப் பிள்ளை எதற்காகக் குடித்தது என்பது யூனிட்டில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டால் டிஸ்சார்ஜ். இன்னும் வருத்தம் என்னவென்றால் ரவுண்ட்ஸில் பெரியவர்களே "ஏன் இப்படிப் பண்ண, அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா" என்று எல்லார் முன்னாலும் திட்டுவார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கூசுகிறது.

நேரம் இல்லை என்பது சாக்கு இல்லை, மேடம். எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கிற அட்மிஷன் டே அன்று ராத்திரி ஒரு பக்கம் ஃபிட்ஸ், ஒரு பக்கம் டெங்கு ஷாக், ஓபியில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஓர் அம்மாவிடம் உட்கார்ந்து நேற்றைய நாளைப் பற்றிக் கேட்க முடியாது. போஸ்ட் அட்மிஷன் டே மதியம் முடியும். எனவே எல்லாருக்கும் எல்லாமும் என்று சொல்லாமல், ஒவ்வொரு பிஜிக்கும் வாரத்துக்கு ஒரு குழந்தை, அந்த ஒரு குழந்தையின் வீடு, பள்ளி, அம்மா, அப்பா எல்லாம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். நீண்டநாள் நோய் உள்ள குழந்தையாக இருந்தால் அடுத்த தடவை வரும்போதும் அதே பிஜியே பார்க்கட்டும். அது எங்களால் முடியும்.

இன்னொன்று. எங்களைப் பற்றியும் யோசியுங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை இறந்துபோனால் அந்த அம்மாவிடம் சொல்வது பெரும்பாலும் நாங்கள்தான், முதலாமாண்டு பிஜி. என்ன சொல்வது, எங்கே உட்காரவைத்துச் சொல்வது, அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும்போது எங்கே பார்ப்பது, எதுவும் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லிவிட்டு நேராக அடுத்த கட்டிலுக்குக் கானுலா போடப் போகிறோம். காலையில் மார்ட்டாலிட்டி மீட்டிங்கில் ஃப்ளூயிட் எவ்வளவு, ஐனோட்ரோப் எப்போது என்று கேட்பார்கள். சொன்னது யார், எப்படிச் சொன்னாய், நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படி இருக்கிறவர்களிடம் போய் எம்பதி பற்றி வகுப்பு எடுத்தால் மனசில் ஏறாது, மேடம்.

வார்டு_சிஸ்டர்

டாக்டர்களுக்கு நடுவில் ஒரு சிஸ்டரும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ரவுண்ட்ஸில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று இங்கிலீஷில் பேசிவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போன உடனே அந்த அம்மா என்னிடம் வந்து "சிஸ்டர், என்ன சொன்னாங்க, என் புள்ளைக்கு ஆபரேஷனா?" என்று கேட்பார். நீங்கள் சொன்னது ஆன்ட்டிபயாட்டிக்கை இன்னும் இரண்டு நாள் போடலாம் என்றுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் தலையை ஆட்டியிருப்பார், அதைப் பார்த்து அந்த அம்மா அன்றைக்கெல்லாம் சாப்பிட்டிருக்கமாட்டார். பிஜிக்களுக்கு நீங்கள் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் நகர்வதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்வது. இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம், நாளைக்கு என்ன பார்ப்போம். அது போதும்.

அடுத்து, வார்டுக்குள் ஓர் ஆள்தான் என்பதால் அம்மா உள்ளே இருப்பார், அப்பா வயர் கூடையோடு வெளியே வராண்டாவில் படுத்திருப்பார். நீங்கள் எல்லாம் அம்மாவிடம் சொல்கிறீர்கள். வீட்டில் முடிவு சொல்வது வராண்டாவில் இருப்பவரோ தாத்தாவோதான். அந்த அம்மா நீங்கள் சொன்னதைப் போய்ச் சொல்லத் தெரியாமல் சொல்லி, ஏச்சு வாங்கி, கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், நீங்கள் "ஆப்ஸ்காண்டட்" என்று எழுதுகிறீர்கள். சாயங்காலம் விசிட்டிங் நேரத்தில் ஒரு பிஜி அரைமணி நேரம் வராண்டாவுக்கு வந்து அப்பாக்களிடம் பேசினால் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

எந்தக் குழந்தையின் அம்மா ராத்திரி அழுகிறார், எந்த அம்மாவுக்குக் கையில் காயம் இருக்கிறது, எந்தக் குழந்தை அப்பா வந்தால் ஒதுங்குகிறது என்பது நைட் டியூட்டி சிஸ்டருக்குத் தெரியும். எங்களைக் கேளுங்கள். எங்களை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட் எடுத்துக்கொடுக்க மட்டும்தான் கூப்பிடுகிறார்கள்.

சமூகப்பணியாளர்_தெற்கு

மேலே எல்லாரும் எப்படிக் கேட்பது என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட பிறகு என்ன செய்வது என்று பிஜிக்களுக்குத் தெரியாததுதான் அவர்கள் கேட்காமலே இருப்பதற்கு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால் அந்த இருபத்தாறு வயசு டாக்டர் என்ன செய்வார்? அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தெரியாதவர் அந்தக் கதவைத் திறக்கவே பயப்படுவார்.

அதனால் ஒரு பக்கத் தாளில் உங்கள் மாவட்டத்துக்கானதை எழுதி டியூட்டி ரூமில் ஒட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர், வளர்ச்சி தாமதம் என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம், இவர்களுடைய அலுவலக எண்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் வரை, சான்றிதழ் எங்கே வாங்குவது என்பதும் அதில் இருக்கட்டும். பயணச் செலவையும் கேட்கப் பழக்குங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் ஆஸ்பத்திரிக்கு வர அந்த அம்மாவுக்குச் செலவே இல்லை என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். தூரத்து கிராமத்திலிருந்து வருபவர் புறநகர்ப் பேருந்தில் காசு கொடுத்துத்தான் வரவேண்டும், ஒருநாள் கூலியும் போகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ரிவ்யூவுக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளிடம் தனியாகப் பேசுவதைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஹெட்ஸ் என்கிற முறை 1988-இலேயே அச்சில் வந்து, பிறகு விரிவானது. வீடு, படிப்பு, சாப்பாடு, பொழுதுபோக்கு, போதைப்பொருள், உடல் உறவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும், பாதுகாப்பு என்று லேசான கேள்வியில் தொடங்கிக் கடினமான கேள்விக்குப் போகிற வரிசை அது. கேட்கிற வரிசையை விட அம்மாவை வெளியே அனுப்புகிற விதம்தான் நம் ஊரில் கஷ்டம். "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுவோம்மா, அப்புறம் உங்ககிட்டயும் பேசுறேன்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுவார்கள். எதையோ சந்தேகப்பட்டு அனுப்புவதுபோல் இருந்தால் போகமாட்டார்கள். இன்னொரு சிக்கல், பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டு பன்னிரண்டு வயசோடு நின்றுவிடுகிறது. பதின்மூன்று வயசுப் பெண் பெண்கள் மெடிக்கல் வார்டில் பெரியவர்களுக்கு நடுவில் படுத்திருப்பாள். உங்கள் பிஜிக்களை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி பதினெட்டு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்புகிற ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது 27-ஆவது பிரிவு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவளுடைய அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் தெரிந்துவைத்திருக்கட்டும். எனவே பேச்சைத் தொடங்கும்போதே "நீ சொல்றதை எனக்குள்ள வச்சுக்குவேன், ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா அதை மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டயும் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கத்தான் ரோல் ப்ளே உண்மையிலேயே பயன்படும். படித்தால் எளிதாக இருக்கும், வாயைத் திறந்து சொல்லும்போது திணறுவார்கள்.

சர்க்கரைப்பிள்ளை_அம்மா

நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு எட்டு வயசில் டைப் 1 சர்க்கரை வந்தது. இந்தப் பக்கத்தில் டாக்டர்கள் பேசிக்கொள்வதைப் படிப்பேன், எழுதியதில்லை. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஐசியூவில் கிடந்தபோது ஒரு டாக்டர் நின்ற இடத்திலேயே "இனிமே வாழ்நாள் பூரா ஊசிதான்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஊசி போடும் முறை, சாப்பாடு, தாழ்சர்க்கரை எல்லாம் யார் யாரோ வந்து சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். காதில் விழுந்தது அந்த முதல் வாக்கியம் மட்டும்தான். டாக்டர் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இந்த மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு வேறெதையும் சொல்லாதீர்கள், மறுநாள் வந்து மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்.

இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல வெட்கம், சரிங்க என்றுவிட்டேன். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், ராத்திரி ஊசி போட முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே எல்லாரும் "ஏம்மா ஊசியை விட்ட?" என்று கேட்டார்கள். ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அக்கா, மருந்தை வீட்ல எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டது. சொன்னேன். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் மருந்தை வைக்கலாம் என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொடுத்தது. மருந்தில் தண்ணீர் படக் கூடாது, மணல் காயக் கூடாது, நிழலில் வைக்க வேண்டும் என்று கீழே தமிழில் எழுதிக்கொடுத்தது. அந்தத் தாள் கிழிகிற வரைக்கும் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் மதியம் ஊசி எங்கே போட்டுக்கொள்வது என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. என் மகள் பாத்ரூமில் நின்று போட்டுக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்கக் கூடாது என்று. சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ள, வெளிய சொல்லாத, நாளைக்கு யாரு கட்டுவா" என்றதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. பத்து வயசில் ஒருநாள், "அம்மா, நான் செலவு வைக்கிற புள்ளையா?" என்று கேட்டாள். ஓபியில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்து "கன்ட்ரோல் இல்லையே, மிட்டாய் சாப்பிட்டியா?" என்று திட்டுகிற டாக்டருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் திட்டியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். திட்டு வாங்கியதற்கு அடுத்த மாதம் அவள் நோட்டில் பொய்யான அளவுகளை எழுத ஆரம்பித்தாள்.

வார்டு_அசிஸ்டென்ட்

எல்லாருக்கும் நன்றி. சீஃபிடம் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

வியாழன் மதிய வகுப்பை வார்டுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார். இரண்டாமாண்டு பிஜி சொன்னபடி ஆளுக்கு வாரம் ஒரு குழந்தை, மார்க் இல்லை. அவர்கள் பேசுவதை நான் உட்கார்ந்து பார்க்கிறேன். சிஸ்டர், வியாழன் ரவுண்ட்ஸில் கேஸை முதலில் நைட் டியூட்டி சிஸ்டர் சொல்லட்டும், பிறகு பிஜி சொல்லட்டும் என்று வைத்திருக்கிறோம். வராண்டா நேரத்துக்கு முதலில் நானே போகிறேன், தனியாகப் போகச் சொன்னால் எந்த பிஜியும் போகமாட்டார்.

மரணத்துக்குப் பிறகு பேசுவதைப் பற்றி: 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட்டும் ஈனிட் பாலின்ட்டும் குடும்ப டாக்டர்களைச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, கேஸ் ஷீட் இல்லாமல், தன்னைத் தொந்தரவு செய்கிற ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்று நடத்தினார்கள். அதே மாதிரி மாதம் ஒருமுறை வைக்கலாம் என்றிருக்கிறேன். சீஃப் உட்கார்ந்தால் பிஜிக்கள் பேசுவார்களா என்பது சந்தேகம். வெளியிலிருந்து ஒரு மனநல டாக்டரை அழைக்கப் பார்க்கிறேன். யாராவது இப்படி நடத்தியிருந்தால் சொல்லுங்கள்.

அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்கள் பிஜிக்களிடம் வந்து பேசுவீர்களா? பயணச் செலவும் அன்றைய கூலியும் துறையிலிருந்து தருகிறோம், அது இல்லாமல் கூப்பிடுவது நியாயமில்லை.

இரண்டாமாண்டு_பிஜி

மேடம், மனநல டாக்டர் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். டியூட்டி முடிந்து போகும்போது அன்றைக்கு மரணத்தைச் சொன்னவரிடம் ஒரு அசிஸ்டென்ட் வந்து டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட எங்களுக்குப் பெரிய விஷயம். அந்த நேரத்தில் பேசத் தோன்றும், மாதக் கடைசியில் தோன்றாது.

சர்க்கரைப்பிள்ளை_அம்மா

வருகிறேன் மேடம். வியாழக்கிழமை எனக்கு முடியாது, ரிவ்யூவுக்கு வருகிற நாளிலேயே வைத்தால் இன்னொரு நாள் கூலி போகாது. மகளுக்கு இப்போது பதினாலு வயசு. அவளிடம் கேட்டேன், அவளும் வந்து பேசுகிறேன் என்கிறாள். ஆனால் நான் அந்த அறையில் இருக்கக் கூடாதாம். டாக்டர் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தால் பேசமாட்டாள், நாலைந்து பேர் போதும் என்று சொல்லச் சொன்னாள்.